கலமும் வட்டாவும்

உயிரியற் பாடநூலிலே ‘கலம்’ என்னும் சொல்லைக் காணுந்தோறும் எனக்கு உவகை உண்டாவதுண்டு. 1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். அதில் தென்பட்டவற்றுக்குச் சிற்றறை எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். ஆதலின் அப்பெயர் பொருந்திற்று. தமிழ்நாட்டார் ‘செல்’ என்றும் ‘உயிரணு’ என்றும் வழங்க, இலங்கைப் பாடநூல்களோ ‘கலம்’ என்றன. உண்கலம், மரக்கலம், நெல்லளக்கும் கலம் என எங்கு நோக்கினும், தன்னுள் ஒன்றைத் தாங்குவதையே அச்சொல் சுட்டும். உயிரைத் தாங்குவதற்கு இதனினும் ஏற்ற பெயர் யாது?

சொல் நன்று. சொல்லுக்குரிய பொருள் நம் மாணவர் நெஞ்சிற் சேர்ந்ததா என்பதே என் வினா. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களில் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் பிள்ளைகள், முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்று கலப்பிரிவின் நிலைகளைத் தடையின்றி ஒப்புவிப்பர். அதே பிள்ளையின் மூத்தம்மா திண்ணையில் அமர்ந்து, புகையிலை சேர்த்த வெற்றிலையைக் கொடுப்பிலே அடக்கிக்கொண்டிருப்பார். அவ்வாய்க்குள் அந்த அவத்தைகளே நிகழ்கின்றன என்பதைப் பிள்ளைக்கு எடுத்துரைப்பார் அரியர். நான் தமிழ்ப் பண்டிதன். உயிரியல் என் பாடமன்று. எனினும் சொல் ஒருபுறமும் பொருள் ஒருபுறமுமாகக் கிடக்கக் கண்டு வாளாவிருத்தல் தமிழாசிரியனுக்கு அழகன்று.

கலம் வளர்கிறது; தன் மரபுப்பொருளை இரட்டிக்கிறது; பின் இரண்டாகப் பிரிகிறது. இச்சுழற்சியே கலவட்டம். வால்ற்றர் பிளெமிங் என்னும் ஜேர்மானியர் கலத்துக்குச் சாயமேற்றி, பிரியுங்காலத்தில் அதனுள் நூல்போன்ற உருக்கள் தோன்றக் கண்டார். அதனாலேயே நாம் அதனை இழையுருப்பிரிவு என்கிறோம். மருதமுனையில் தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. மனிதக் கலத்திலே நிறமூர்த்தங்கள் 46. அவை இரட்டித்து நடுவில் அணிவகுக்க, இருபுறத்துக் கதிர்நார்களும் அவற்றைப் பற்றிக்கொள்ளும். ஒரேயொரு நிறமூர்த்தம் நாரிற் பிணைபடாது நின்றாலும் பிரிவு மேற்செல்லாது காத்து நிற்கும். ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தும் நெசவாளியின் ஒழுக்கம் அது.

இக்காவலை ஆராய்ந்தோர் மூவர்க்கு 2001இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. லீலண்ட் ஹார்ட்வெல், போல் நேர்ஸ் என்போர் மதுவத்தை ஆராய்ந்தனர். ரிம் ஹண்ட் கடல்முள்ளியின் முட்டைகளை ஆராய்ந்தார். மதுவத்திற் பிரிவை ஏவும் மரபணுவும், நம் உடலில் அதனை ஏவும் மரபணுவும் ஓரினம் என 1987இல் நேர்ஸ் குழுவினர் காட்டினர். மதுவத்தின் பழுதுற்ற மரபணுவுக்குப் பதிலாக மனித மரபணுவை இட, மதுவம் பிழைத்துப் பிரிந்தது! இவ்வியப்பைப் பரீட்சை வினாத்தாள் ஒருபோதும் கேட்பதில்லை. ஆதலின் கற்பிப்பாரும் குறைவு.

இனி வட்டாவுக்கு வருவோம். வாயின் உட்தோல் சில வாரங்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஓயாது பிரியும் கலங்களையுடையது. அங்கே பாக்கின் காரமும் சுண்ணாம்பின் எரிவும் நாள்தோறும் புண்செய்ய, அப்புண்ணை ஆற்றக் கலங்கள் மேலும் மேலும் பிரிகின்றன. பாக்கிலும் புகையிலையிலும் இருந்து எழும் நச்சுப்பொருள்கள் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. பிரிவு மிகமிகப் பிழையும் மிகும். பிழையைக் கண்டு கலத்தை நிறுத்தவும், திருத்தவொண்ணாதாயின் அதனைத் தானே மாளச்செய்யவும் வல்ல காவல் மரபணுவொன்று உண்டு. மனிதப் புற்றுகளில் ஏறக்குறையப் பாதியில் அதுவே பழுதுற்றிருக்கக் காண்கின்றனர். காவல் போனபின் மாள வேண்டிய கலம் மாளாது. நிற்க வேண்டியது நில்லாது. கிரேக்கர் இந்நோயை நண்டு என்றனர். நம் முன்னோர் கறையான் எழுப்பும் புற்றைக் கண்டனர். கேட்பாரின்றி மண்மேல் மண்ணாக எழும் அவ்வுருவே இந்நோயின் இயல்புக்கு அணித்தானது என்பேன்.

“புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் வெற்றிலை பாக்குத்தானே” என்பாரும் உளர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் பாக்கையே புற்று விளைப்பதெனத் தீர்ப்பளித்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பாக்கினால் வாயின் உட்தோல் இறுகி நாராகி, வாய் திறக்கவும் இயலாதுபோகும் நோயும் உண்டு. பின்னர் அது புற்றாதலும் உண்டு. இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பது தற்செயலன்று.

விருந்தினர் முன் வட்டா வைப்பது நம் பண்பாடு, அதனைக் குறைகூறலாகாது என்று சிலர் என்னோடு வாதிடுவர். வட்டாவின் பித்தளை வேலைப்பாட்டை நானும் மெச்சுபவன். உபசாரம் வட்டாவில் இருக்கிறதேயன்றிப் பாக்கில் இல்லை. பேரீச்சம்பழத்தை வைத்தாலும் அது வட்டாவே. கலியாண வீடுகளில் இளைஞர் முதன்முதலாகப் பாக்கைச் சுவைப்பது இத்தட்டிலிருந்தே என்பதை மறுப்பாருண்டோ?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. கலவட்டத்தைக் கற்பிக்கும் நாளில் வெங்காய வேர்நுனியோடு நிறுத்திவிடாதீர். அன்று மாலை வீடு சென்று, வெற்றிலை போடும் வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் வாயைத் திறந்து காட்டும்படி கேட்கப் பிள்ளைகளைப் பணியுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தும் நீங்காத வெண்படலம், செம்படலம், இருவாரம் கடந்தும் ஆறாத புண், முன்போல் அகலத் திறவாத வாய் — இவற்றுள் ஒன்றைக் கண்டால், பிள்ளையே கைபிடித்து அரசாங்க ஆசுபத்திரியின் பல்வைத்தியப் பகுதிக்கு அழைத்துச் செல்லட்டும். அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.