கணினி எண்ணும் எழுத்து

ஐந்திணைப் பெயர்களையும் அவற்றின் நிலங்களையும் அட்டவணையாகத் திரையில் காட்டும் நிரலொன்றைப் பைத்தான் மொழியில் எழுதிக் கொணர்ந்தார் நம் மாணவர் ஒருவர். நிரலில் பிழையில்லை, ஆயினும் இரண்டாம் நெடுவரிசை கோணிக் கிடந்தது. மறுநாள் அது நேராகியிருந்தது. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாறியிருந்தன! வரிசை நேராவதற்குத் தமிழ் வெளியேற நேர்ந்ததே என்பதுதான் நம்மை உறுத்தியது.

காரணம் எளியது. வெறும் எழுத்துகளால் அமையும் அட்டவணையில், சொல்லுக்குப் பின் வெற்றிடங்களை நிரப்பியே நெடுவரிசை உருவாகிறது. பத்து இடம் ஒதுக்கினால், சொல்லின் நீளம் போக எஞ்சியதை நிரல் நிரப்பும். அந்த நீளத்தைப் பைத்தான் எழுத்துகளால் அளப்பதில்லை. ஒருங்குறிக் குறியீடுகளால் அளக்கிறது. குறிஞ்சி, மருதம், நெய்தல் மூன்றும் நமக்கு நந்நான்கு எழுத்துகள். பைத்தானுக்கோ முறையே 8, 6, 7. ஆகவே பின்னே விழும் வெற்றிடங்கள் 2, 4, 3. வரிசை கோணாமல் என்செய்யும்?

இலக்கணம் பயின்றோர் இங்கு ஒரு விந்தையைக் காணலாம். நமக்கு 'க்' முதலெழுத்து. 'க' அதனோடு அகரம் சேர்ந்த உயிர்மெய். ஒருங்குறியிலோ 'க' ஒரு குறியீடு. 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையை ஒருங்குறி பின்பற்றியதால் நேர்ந்த தலைகீழ் இது.

இதற்காக ஒருங்குறியைத் தூற்றுதல் வீண். இன்று இணையத்தில் தமிழ் புழங்குவது அதனால்தான். குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுத்தெண்ணும் வழியும் உண்டு. 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரலகம் அதைச் செய்கிறது. ஆனால் எண்ணிக்கை சரியானால் மட்டும் போதாது. ரகரமும் ணகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே அகலம் உடையன அல்ல. ஆதலால் தரவைச் சேமிக்கையில் தத்தல் குறியாலோ காற்புள்ளியாலோ பிரித்து வைத்து, நேர்படுத்தும் வேலையை அகலத்தை அளக்கவல்ல இணையப்பக்க அட்டவணையிடம் விடுவதே தக்கது.

இவையெல்லாம் பொறியாளர் கவலை என்று தமிழ்த்துறையினர் ஒதுங்குதல் தகுமா? எழுத்து எது என்பது நம் இலக்கணத்தின் முதற்கேள்வி. அதற்கு விடையளிக்கும் பொறுப்பை நாம் கைவிட்டால், இயந்திரம் தன் கணக்கையே விடையாக்கும். நம் பிள்ளைகளும் வரிசை நேராக வேண்டித் தம் எழுத்தை மாற்றிக்கொள்வர்.