ஓநாய் வந்தபோது உடனிருந்த மேய்ப்பர் யார்?

அண்மையில் வன்னியில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடித் தேடியே கண்மூடிய ஒரு தாய். அவர் ஒரு சபை, மகள் இன்னொரு சபை. அடக்க ஆராதனையை யார் நடத்துவது என்று இரண்டு போதகர்கள் முற்றத்தில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் எழுந்து வந்து, "அம்மா அண்ணாவைத் தேடித் திரிஞ்சபோது கூடப் போனவர் ஆர்? அவர் ஜெபம் பண்ணட்டும்" என்றாள். இருவரும் பதில் சொல்லவில்லை.

2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் எல்லோருமாக ஜெபித்தோம். நீ எந்தச் சபை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்றபோது இருந்த ஒற்றுமை, கட்டடங்கள் எழுந்தபின் எங்கே போனது?

எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் இதற்கு நேரடியாகவே பதில் தருகிறது. மந்தை சிதறியதற்கு அது முதலில் ஆடுகளைக் குற்றஞ்சாட்டவில்லை. தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைக் குற்றஞ்சாட்டுகிறது. பிளவு என்பது முதலில் தலைமைத்துவத்தின் தோல்வி. கொரிந்து சபை ஆளுக்கொரு தலைவரின் பெயரில் பிரிந்தபோது, பவுல் தன் பெயரில் சேர்ந்த கூட்டத்தையும் சேர்த்தே கண்டித்தார். தன் ஆதரவாளர்களைக் கண்டிக்கத் துணிந்த தலைவர்கள் இன்று நம்மிடையே எத்தனை பேர்?

யோவான் 10ஆம் அதிகாரம் மேய்ப்பனையும் கூலியாளையும் பிரித்துக் காட்டுகிறது. ஓநாய் வரும்போது ஓடாதவனே மேய்ப்பன். இதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சிகள் உண்டு. 1984 டிசம்பரில் மன்னாரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். சில வாரங்களில், 1985 ஜனவரியில், அதே மாவட்டத்தின் வங்காலையில் கத்தோலிக்கக் குரு மேரி பஸ்ரியன் சுட்டுக்கொல்லப்பட்டார். 2009 மே மாதம் வட்டுவாகலில் சரணடைந்தவர்களுடன் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். அவர் கேட்டது தன் மறைமாவட்டத்தாருக்காக மட்டுமல்ல, கத்தோலிக்கருக்காக மட்டுமல்ல. வன்னி மக்கள் அனைவருக்காகவும் கேட்டார்.

யாப்பு எழுதி ஒன்றுபடும் முயற்சிகளையும் நாம் கண்டிருக்கிறோம். 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாணமும் இணைந்தது. பல மரபுகள் ஒன்றான அரிய நிகழ்வு அது. ஆனால் இலங்கைத் திருச்சபைகளை ஒன்றிணைக்கும் பரந்த திட்டம் 1970களில் நீதிமன்ற வழக்குகளால் தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒன்றுபட்ட அந்தச் சபையும் பின்னாளில் பிளவுபட்டது. யாப்பு தேவைதான். ஆனால் பதவியையும் சொத்தையும் விட்டுக்கொடுக்கத் தெரியாத இடத்தில் எந்த யாப்பும் நிலைக்காது.

எல்லாச் சபைகளும் ஒரே பலகையின் கீழ் வரவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஞானஸ்நானம், திருவிருந்து பற்றிய கருத்து வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றை ஒரே இரவில் தீர்க்க முடியாது. ஆனால் இயேசு கைதாவதற்கு முன்னர் தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபித்தது, உலகம் அதைக் கண்டு நம்பவேண்டும் என்பதற்காகவே. அந்த ஒற்றுமை வெளியே தெரியவேண்டியது.

அது தெரியக்கூடிய இடங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்குப் பக்கத்தில் எல்லாச் சபைப் போதகர்களும் முறைவைத்து அமரலாம். செத்தவீட்டில் இருவரும் சேர்ந்தே ஜெபிக்கலாம். காணிப் பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகுமுன் ஒரே மேசையில் பேசலாம். சகோதரர் மீது வழக்குப் போடுவதைவிட நட்டத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இதைத்தான்.

தேடித் திரியும் தாய்மார் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்களோடு நடக்கவே இப்போது மேய்ப்பர்கள் வேண்டும்.