கண்ணாடியை ஏற்றிவிட்டால் கடமை முடிந்ததா?

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறிது கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

நம் மகிழுந்துகளில் குளிர்சாதனத்திற்கு அருகே ஒரு பொத்தான் உண்டு. மகிழுந்தின் படத்திற்குள்ளேயே அம்புக்குறி வளைந்து திரும்பினால் உட்சுழற்சி; அம்புக்குறி வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் வெளிக்காற்று. பழைய வண்டிகளில் இது இடமும் வலமும் நகர்த்தும் நெம்புகோலாக இருக்கும். வண்டி வாங்கிய நாள்முதல் உட்சுழற்சியிலேயே அதனை விட்டுவைத்திருப்போர் நம்மில் மிகப் பலர். “அதைத் தொடாதே, ஏர்கோன் குளிராது” என்று யாரோ சொன்னதை வேதமாகக் கொண்டுவிட்டோம்.

இந்தப் பழக்கம் தவறு என்பதே என் வாதம். நம் பிள்ளைகள் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்தில் சுவாசித்தலைக் கற்பிக்கிறோம். உயிர்வளியை உள்ளிழுக்கிறோம், கரியமிலவாயுவை வெளிவிடுகிறோம் என்று மாணவர்கள் ஒப்புவிக்கிறார்கள். வெளிக்காற்றில் கரியமிலவாயு நூற்றுக்கு 0.04 பங்கு, நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 4 பங்கு, அதாவது நூறு மடங்கு. வகுப்பறையில் இதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாலையில் ஐவரை ஏற்றிக்கொண்டு கண்ணாடிகளை அடைத்து உட்சுழற்சியில் வீடு திரும்புகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரண மகிழுந்தின் உட்பகுதி ஏறத்தாழ 3000 லிட்டர் காற்றைக் கொள்ளும். ஓட்டுநரும் நான்கு பிள்ளைகளும் அமைதியாக அமர்ந்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 50 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுவர். அரை மணியில் 25 லிட்டர். காற்று சிறிதும் கசியாத பெட்டியாக இருப்பின், பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் இருந்தது 8000ஐத் தாண்டிவிடும். மகிழுந்தின் இடுக்குகள் வழியே கொஞ்சம் கசிவதால் அவ்வளவு உயராது. ஆயினும் சில ஆயிரங்களை எட்டுவது உறுதி. வெளிக்காற்றைத் திறந்துவிட்டால் அது விரைவாக இறங்கிவிடும். பொத்தானை ஒருமுறை அழுத்துவதற்கு ஆகும் செலவு ஒரு சென்னும் இல்லை.

இதனால் என்ன கேடு? தலைபாரம், கொட்டாவி, அயர்வு. 2012இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் சிலரை அறையில் அமர்த்திச் சோதித்தபோது, கரியமிலவாயு 2500 பங்கை எட்டிய நிலையில் அவர்களுடைய முடிவெடுக்கும் திறன் தெளிவாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால், புழுங்கிய காற்று நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. விடியற்காலையில் வேனில் ஏறி, அடைத்த காற்றில் நெடுநேரம் பயணம் செய்து, முதல் பாடவேளையில் கண்சொக்கும் பிள்ளையைச் “சோம்பேறி” என்று கடிந்துகொள்வதற்கு முன், அவன் வந்த வண்டியின் காற்றைப் பற்றியும் சற்றே எண்ண வேண்டாமா? தீபாவளிக்கு நான்கைந்து மணி நேரம் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் தந்தையரும் எண்ண வேண்டியது இதுதான்.

“வெளியே புகையன்றோ இருக்கிறது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரும்புகை கக்கும் லாரியின் பின்னால் செல்லும்போதும், சுரங்கப்பாதையில் ஊர்ந்து செல்லும்போதும் உட்சுழற்சியே தகும். புகைமூட்டக் காலத்திலும் அப்படியே. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அதே நிலை. 2015இலும் 2019இலும் பள்ளிகளையே மூடினார்கள். அத்தகைய நாள்களில் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்போதும் பயணம் நீண்டால், வண்டிகள் குறைந்த இடத்தில் ஓரிரு நிமிடம் வெளிக்காற்றை விட்டு மீண்டும் மூடுங்கள் என்கிறேன். அந்தப் பொத்தான் இருப்பது மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்கே.

“குளிர் போய்விடுமே” என்பது அடுத்த வாதம். வெயிலில் நின்ற வண்டியில் முதலில் கண்ணாடிகளை இறக்கி அனல்காற்றை வெளியேற்றுங்கள். பின்னர் உட்சுழற்சியில் விரைவாகக் குளிரூட்டுங்கள். குளிர்ந்தபின் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். சற்றுக் குளிர் குறையலாம். எரிபொருளும் சிறிது கூடலாம். அதை மறுக்கவில்லை. பிள்ளையின் தெளிந்த அறிவுக்கு அது பெரிய விலையா? மழை நாளில் உட்கண்ணாடியில் பனி படர்ந்து சாலை மறைவதற்கும் நம் மூச்சின் ஈரத்தைச் சுழலவிடுவதே காரணம். குளிர்சாதனத்தை நிறுத்தாமல் வெளிக்காற்றுக்கு மாற்றினால் அது தெளியும். காற்று வடிகட்டி உள்ள வண்டியாயின் கையேட்டில் குறித்தபடி அதனையும் மாற்றுங்கள்.

இனி, என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியதைச் சொல்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் வாயிலின் முன் வரிசையாக நிற்கும் மகிழுந்துகளைப் பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளும் மூடியிருக்கும், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் குளிர்ந்த காற்றில் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார். வெளியே, புகைக்குழாய்களுக்கு நடுவே, முதலாம் ஆண்டுப் பிள்ளை பையைச் சுமந்து நிற்கும். பெரியவரின் மூக்கைவிட அதன் மூக்கு அந்தக் குழாய்க்கு அருகில் இருக்கிறது. புகைக்கு அஞ்சித் தம் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர், அதே புகையைப் பிறர் பிள்ளையின் முகத்தில் ஊதுகிறார். அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நிறுத்திய வண்டியின் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது குற்றம். நமக்குச் சட்டம் வந்துதான் அறிவு வரவேண்டுமா?

எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திய வண்டியில் உறங்குவது இன்னும் கொடியது. புகைக்குழாயில் கசிவிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். உட்சுழற்சிப் பொத்தான் அதனைத் தடுக்காது. பிள்ளைகளை அவ்வாறு உறங்கவிட்டுக் கடைக்குச் செல்லும் பெற்றோர் இதை நினைவிற்கொள்க.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றட்டும். பள்ளி வாயிலில் காத்திருக்கும் வண்டிகள் எஞ்சினை நிறுத்த வேண்டும். வெயில் சுட்டால் நிழலில் இறங்கி நிற்கலாம். பள்ளி வேன் ஓட்டுநர்கள் பயணத்தின்போது வெளிக்காற்றை விட வேண்டும். அதற்கு வழியில்லாத வண்டியில் சன்னலைச் சிறிதேனும் திறக்க வேண்டும். ஆசிரியர்கள் சுவாசித்தல் பாடத்தன்று அந்தப் பொத்தானின் படத்தை வரைந்து காட்டட்டும். மறுநாள் காலை பிள்ளைகளே பெற்றோரைக் கேட்பார்கள். பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.