முதலில் தண்ணீர்க் கிண்ணம்

எட்டுக்கால் பூச்சியைச் செல்லமாக வளர்ப்பதா என்று எங்கள் வகுப்பில் ஒரே சிரிப்பு! சிலி நாட்டு ரோஜா டாரன்டுலாவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்க்கிறார்களே. ஆனால் வளர்ப்பவர்கள் தீனியையே எண்ணுவது தவறு என்பது எங்கள் கருத்து. வளர்ந்த சிலந்தி பல மாதங்கள் உண்ணாமல் இருக்கும், நீரின்றி இராது. உடல்நீரின் அழுத்தத்தால்தான் அது காலையே நீட்டுகிறது. நீர் வற்றினால் கால்கள் அடியில் சுருண்டுவிடும். ஆகவே ஆழமற்ற கிண்ணத்தில் தூய நீர் எப்போதும் வேண்டும். பஞ்சு போடலாகாது, அழுக்குத்தான் சேரும். வாரம் ஒரு சிள்வண்டு போதுமே! சட்டை உரிக்க அது மல்லாந்து கிடக்கும். செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். அப்போது அதன் மேனி மிருதுவாயிருப்பதால், உள்ளே விட்ட இரையே அதைக் கடித்துவிடும். தின்னாத இரையை மறுநாளே எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தை மட்டும் எடுக்கலாகாது.