கேட்டுட்டு எழுதுங்க!



நவம்பர் 26, அரசியலமைப்பு தினம். காலை பிரேயரில் எல்லோரும் முகவுரையை வாசித்தோம். மக்களாகிய நாமே இந்தச் சட்டத்தை நமக்குத் தந்துகொண்டோம் என்பதுதான் அதன் பொருள். மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒரு புது விதி: "8.45-க்கு கேட் மூடப்படும். தாமதமாக வருவோர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவர்." இதை யாரைக் கேட்டு எழுதினாங்க?

அரசியலமைப்பை எப்படி எழுதினாங்கன்னு பாருங்க. அம்பேத்கர் தலைமையிலான குழு தயாரித்த வரைவு 1948 பிப்ரவரியில் வெளியானது. எட்டு மாதம் அது மக்கள் முன்னால் இருந்தது. தனி ஆட்களும் அமைப்புகளும் கருத்து எழுதி அனுப்பினாங்க. அவையில் சுமார் 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டு, 2,473 எடுத்துப் பேசப்பட்டன. 53,000 பேர் பார்வையாளர்களாக வந்து கேட்டாங்க.

அதிலும் குறை இருந்தது. அந்த அவைக்கு எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. சொத்து, படிப்பு, வரி பார்த்துத்தான் அப்போது ஓட்டுரிமை. அதனால்தான் சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன், பொதுத்தேர்தல் வைத்து மக்கள் ஒப்புதல் வாங்கணும்னு 1948 நவம்பரில் பேசினார். அது நடக்கலை. ஆனாலும் அவர் கேட்டது நியாயம்தானே?

"எல்லாரையும் கேட்டா வேலை நடக்குமா?" என்று சிலர் சொல்வாங்க. இவ்வளவு பெரிய நாட்டுக்கே மூன்று வருஷத்துக்குள் முடிச்சாங்களே! நமக்கு ஒரு வாரம் போதும்.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? என் தோழி விடியற்காலையில் அம்மாவோடு காசிமேட்டுக்குப் போய் மீன் கூடை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கிறாங்க. சோம்பேறித்தனத்தால் லேட்டா வர்றவங்களும் உண்டு, மறுக்கலை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனையா? திருப்பி அனுப்பினால் அவளுக்கு அன்றைய பாடம் முழுக்கப் போச்சு.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். எந்த விதியையும் முதலில் வரைவு என்று எழுதி ஒரு வாரம் ஒட்டுங்க. பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்க. வகுப்புத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்க. எங்க கருத்தை ஏற்க முடியலைன்னா காரணத்தைச் சொல்லுங்க. எங்களையும் கேட்டு எழுதின விதியை மீற எங்களுக்கே மனசு வராது.

நண்பர்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க? கீழே காலியிடம் விட்டிருக்கேன், எழுதுங்க.

– 11-ஆம் வகுப்பு மாணவி