பெண்கள் பள்ளியும் இரண்டு பாடவேளைகளும்

– பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

பெண்களுக்கென்று தனிப் பள்ளி இனியும் வேண்டுமா என்னும் கேள்வி இந்நாளில் பலர் வாயிலும் எழுகிறது. காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் பெரியப்பா, "பையன்களோடு சேர்ந்து படித்தால்தானே பிள்ளைக்கு உலகம் தெரியும்? இவளை ஏன் இன்னும் கன்னியர் பள்ளியிலேயே வைத்திருக்கிறாய்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "பாதுகாப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.

பெற்றோர் பலரும் சொல்லும் விடை இதுதான். ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. உயர்ந்த மதிலும், மூடிய வாயிற்கதவும், ஐந்து நிமிடம் தாமதித்தால் பெயரெழுதும் காவலாளித் தாத்தாவும் இருப்பதனால் மட்டும் ஒரு பள்ளி நல்ல பள்ளியாகிவிடுமா? பொருளைப் பாதுகாக்கப் பெட்டகம் போதும். பள்ளி அதற்குமேல் ஏதாவது தரவேண்டும் அல்லவா? அப்படி எதைத் தருகிறது, எதைத் தந்துவிட்டுப் பாதியில் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் பாடத்திட்டத்தைப் பார்ப்போம். இன்று ஆண்கள் பள்ளியில் படிக்கும் என் தம்பியின் புத்தகத்திற்கும் எங்கள் புத்தகத்திற்கும் ஓர் எழுத்து வேற்றுமை கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள், ஐந்நூறு மதிப்பெண்கள், பாடத்திற்கு 35 வாங்கினால் தேர்ச்சி. இதைப் பெரிய செய்தியாக எழுதுகிறேனே என்று நகைக்க வேண்டாம். எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை.

எங்கள் அம்மாச்சியும் கன்னியர் பள்ளியில் படித்தவர்தாம். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. கணக்கில் இரண்டு வகை உண்டாம். 'கம்போசிட் கணக்கு' என்பது கடினமானது. 'பொதுக் கணக்கு' என்பது எளியது. "பெண் பிள்ளைக்கு வீட்டுக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதாதா?" என்று அம்மாச்சியின் அப்பா பொதுக் கணக்கையே எடுக்கச் சொல்லிவிட்டார். மதிப்பெண் நன்றாகத்தான் வந்ததாம். ஆனால் மேலே போய் இயற்பியல் படிக்கலாம் என்று நினைத்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. எழுபது வயதான அம்மாச்சி என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம், இயற்கணிதப் பக்கம் வந்ததும் சற்று நிறுத்துவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இந்த வேற்றுமையைக் களைய நம் நாட்டில் பெரியோர் பலர் உழைத்திருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வேண்டுமா என்று ஆராய 1960களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா அம்மையார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வேற்றுமை வேண்டியதில்லை என்பது அக்குழுவின் கருத்து. அதன்பின் 1964 முதல் 1966 வரை ஆய்வு நடத்திய கோத்தாரி கல்விக் குழு, முதல் பத்தாண்டுப் படிப்பில் கணிதமும் அறிவியலும் எல்லா மாணவ மாணவியருக்கும் கட்டாயமாக வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பத்தும் இரண்டும் என்னும் இன்றைய அமைப்பு வந்தது. அம்மாச்சிக்குக் கிடைக்காத கணக்கு எனக்குக் கிடைத்த கதை இதுதான். இதற்காக நான் அந்தக் குழுவினருக்கு நன்றி சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய நாள் மட்டும் சொல்லமாட்டேன்!

ஆக, புத்தகம் ஒன்றே. பிறகு பெண்கள் பள்ளியின் தனிச்சிறப்பு என்ன?

என் மாமா மகள் ஓர் இருபாலர் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்பது அவளுக்கும் எனக்கும் பொது. குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையை இருவரும் செய்திருக்கிறோம். "நீ லென்சை நகர்த்தும்போது பிம்பம் சட்டென்று தெளிந்தது, பார்த்தாயா?" என்று ஆவலோடு கேட்டேன். "நான் எங்கே நகர்த்தினேன்? பையன்கள் நகர்த்தினார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அளவுகளை என்னை எழுதச் சொன்னார்கள்" என்றாள். அவளுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. எல்லா இருபாலர் பள்ளிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி நடக்கவே வழியில்லை. லென்சை நகர்த்துபவளும் பெண், திரையைப் பிடிப்பவளும் பெண், தவறிக் கீழே போட்டுத் திட்டு வாங்குபவளும் பெண்தான்.

இனப்பெருக்கப் பாடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியை அதை ஒரு வரியும் விடாமல் நடத்தினார்கள். கேட்க வெட்கப்பட்ட ஐயங்களைத் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் போடச் சொன்னார்கள். முப்பதுக்கு மேற்பட்ட சீட்டுகள் வந்தன. மாத நாட்களில் வயிற்றுவலி இருந்தால் உடற்பயிற்சி செய்யலாமா, இரத்தசோகை என்றால் எப்படித் தெரியும் என்பவை போன்ற கேள்விகள். வீட்டில் அம்மாவிடம்கூடக் கேட்டிராதவை. என் மாமா மகளின் வகுப்பில், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் அந்தப் பாடம் முடிந்ததாம்.

ஆண்டு விழா வந்தால் மேடைக்குப் பெஞ்சு தூக்குவது நாங்கள், ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுப்பது நாங்கள், நாடகத்தில் மீசை வைத்துக்கொண்டு அரசனாக வருவதும் நாங்கள். 'இது பையன்கள் வேலை' என்று ஒதுக்கிவைக்க இங்கு ஒரு வேலையும் இல்லை. ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி அவர்கள், செங்கோட்டை அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர் என்று செய்தித்தாளில் கண்டபோது எங்கள் வகுப்பே துள்ளிக் குதித்தது. அவர்களும் ஏதோ ஒரு நாள் அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் லென்சைத் தம் கையாலேயே நகர்த்தியிருப்பார்கள் அல்லவா?

பெரியப்பாவின் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. பையன்களோடு இயல்பாகப் பேசிப் பழக எங்களுக்கு வாய்ப்புக் குறைவு. மாவட்ட வினாடி வினாப் போட்டிக்குப் போனபோது, விடை தெரிந்திருந்தும் எங்களில் இருவர் வாய் திறக்காமல் இருந்ததை நானே பார்த்தேன். கல்லூரியில் இது இடராக இருக்கும் என்று மேல்நிலை அக்காமார்களும் சொல்கிறார்கள். இதற்குப் பள்ளி ஏதேனும் வழி செய்யவேண்டும். போட்டிகளும் கண்காட்சிகளும் பிற பள்ளிகளோடு கலந்து நடந்தால் நல்லது. ஆயினும், சொந்தக் குரல் வந்த பிறகு கூட்டத்தில் பேசப் பழகலாம். குரலே வராதவளைக் கூட்டத்தில் நிறுத்தி என்ன பயன்?

தையல் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்திலிருந்து 1842இல் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் கன்னியர் காலத்திலிருந்து கன்னியர் பள்ளி என்றாலே ஊசியும் நூலும் நினைவுக்கு வருகின்றன. 'இந்தக் காலத்தில் இது எதற்கு?' என்று என் தோழியர் சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஓட்டுத் தையலும் ஹெம்மிங்கும் காஜாவும் தெரிந்தவள் அறுந்த பொத்தானுக்காகக் காத்திருக்கமாட்டாள். என் குறை வேறு. இது பெண்களுக்கு மட்டும் ஏன்? என் தம்பி சட்டைப் பொத்தானைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறான். மனையியல் இருபாலருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்று ஹன்சா மேத்தா குழு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கூறியது. அந்தப் பக்கம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை போலும். எங்களுக்கும் தையலோடு, பியூஸ் போட, குழாய் வாஷர் மாற்ற, சைக்கிள் பஞ்சர் ஒட்ட ஒரு பருவம் கற்றுக்கொடுக்கலாம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பு அட்டவணையில் உடற்கல்விக்கு வாரம் இரண்டு பாடவேளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. செவ்வாய் ஆறாவது, வெள்ளி ஏழாவது. ஜூன் மாதத்தில் இரண்டும் நடந்தன. ஜூலையில் ஒன்றைக் கணக்குப் பாடம் 'கடன்' வாங்கியது. காலாண்டுத் தேர்வுக்குப் பின் மற்றதை அறிவியல் வாங்கிக்கொண்டது. இந்தக் கடன் மட்டும் என்றும் திரும்பி வருவதில்லை! கடன் வாங்கிய ஆசிரியைகள் எங்கள்மீது கொண்ட அக்கறையால்தான் வாங்கினார்கள் என்பதை நான் அறிவேன். இந்தப் பள்ளியில் மட்டுமல்ல, பத்தாம் வகுப்பு உள்ள பள்ளிகள் பலவற்றிலும் இதுவே வழக்கம் என்றும் அறிவேன். ஆயினும் பெண்கள் பள்ளியில் இந்த இழப்புக்கு வேறொரு கனம் உண்டு.

மாலையில் எங்கள் தெருமுனைத் திடலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். முப்பது பையன்களாவது இருப்பார்கள். ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள். 'பெண்கள் வரக்கூடாது' என்று அங்கே பலகை ஒன்றும் இல்லை. பலகை இல்லாமலே எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் உடற்கல்வி வேளையை இழந்த என் தம்பி போன்ற பையன் மாலை ஐந்தரைக்குத் திடலில் அதை ஈடுசெய்துகொள்வான். நாங்கள் எங்கே போவது? கால் வலிக்க ஓடவும், வாய்விட்டுக் கத்தவும், தாவணி நினைப்போ துப்பட்டா நினைப்போ இன்றிக் குதித்துப் பந்து பிடிக்கவும் எங்களுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே இடம் வேப்பமரங்களுக்கு நடுவே உள்ள பள்ளித் திடல்தான். மதிலின் உண்மையான பயன் அதுவே. அந்தத் திடலில் எங்களுக்கு இரண்டு பாடவேளை இல்லையென்றால், மதில் வெறும் மதிலாகவே நின்றுவிடும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி எறிபந்தில் குறுவட்டப் போட்டி வென்று, ஒன்பதாம் வகுப்பில் வருவாய் மாவட்டப் போட்டிவரை போனவள். அவள் கைப்பந்து வீசினால் எதிரணி இரண்டடி பின்வாங்கும். "பத்தாம் வகுப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். பதினொன்றில் சேர்ந்தபின் பன்னிரண்டு முடியட்டும் என்பார்கள். அவளுக்கும் இது தெரியும். முன்பு இடைவேளையில் திடலுக்கு முதலில் ஓடுபவள் அவள். இப்போது சன்னல் ஓரம் உட்கார்ந்து வேதியியல் சமன்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வாள்வீச்சில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியர் சென்னை பவானி தேவி. முருக தனுஷ்கோடி பெண்கள் பள்ளியில் படித்தபோது, 2004இல் அந்த விளையாட்டுக்கு அறிமுகமானவர். தொடக்கத்தில் மூங்கில் குச்சியை வைத்தே பழகினார். பதினான்காம் வயதில் துருக்கியில் முதல் பன்னாட்டுப் போட்டிக்குப் போனார். 2021இல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை வென்றார். பதினான்கு, பதினைந்து வயது என்பது நம் ஒன்பது, பத்தாம் வகுப்பு. அந்த வயதில் அவர் கையிலிருந்த வாளை யாரேனும் கணக்குக்காகக் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மதிப்பெண் குறைந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானதா? 2025இல் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவியர் தேர்ச்சி 95.88 விழுக்காடு, மாணவர் 91.74. சில ஆண்டுகளாகவே நாங்கள்தாம் முன்னே நிற்கிறோம். தேர்வுக்கூடத்தில் நாங்கள் பின்தங்கவில்லை. பின்தங்கியிருப்பது திடலில். பின்தங்கிய இடத்திலிருந்து நேரத்தை எடுத்து முன்னிற்கும் இடத்தில் மேலும் கொட்டுவது என்ன கணக்கு என்று, கணக்கு ஆசிரியையின் மன்னிப்போடு, கேட்கிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருப்போம். எனவே எங்களுக்காகக் கேட்கவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளுக்காகக் கேட்கிறேன். வரும் ஜூன் முதல் பத்தாம் வகுப்பின் செவ்வாய் ஆறாம் வேளையையும் வெள்ளி ஏழாம் வேளையையும் அவர்களுக்கே விட்டுவிட வேண்டும். மார்ச் வரையில் இரண்டும் முடியாவிட்டால் பிப்ரவரி வரையிலாவது. அந்த நேரம் பாடத்திற்குத் தேவைப்பட்டால் காலைச் சிறப்பு வகுப்பைக் கால்மணி முன்னதாகத் தொடங்கலாம். இதை ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லோரும் சரி என்றார்கள். முதல் பேருந்திலேயே வந்தும் எட்டரைக்குத்தான் சேர முடிகிற நான்கு பேருக்கு மட்டும் வேறு வழி பார்க்கவேண்டும்.