சவுக்குத் தோப்பில் பகற்கொள்ளை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் மணல்காடு. நெல்லுக்கு ஆகாத அந்த மணலில் ஏழை விவசாயி சவுக்கு வைக்கிறான். கன்று பிழைக்கும்வரை தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு வருஷம் காத்துக் கிடக்கிறான். பெண்ணின் கலியாணம், பையனின் காலேஜ் சம்பளம், வட்டிக்காரன் பாக்கி எல்லாவற்றுக்கும் அந்தத் தோப்புத்தான் அவனுக்கு பாங்கி. சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும் ஊரில் அப்பன் பெயரில் அரை ஏக்கர் சவுக்கு இருப்பது உண்டு. ஆகவே இது மிராசுதார் விவகாரம் அல்ல, நம்முடைய விவகாரம்.

மரம் முற்றியதும் வியாபாரி வருகிறார். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். நாலு மரத்தைத் தட்டிப் பார்க்கிறார். "ஏக்கருக்கு இவ்வளவு" என்கிறார். இதற்குக் குத்துமதிப்பு என்று பெயர். யாருடைய மதிப்பு ஐயா இது? தோப்பில் எத்தனை டன் நிற்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியும், ஏனென்றால் அதுதான் அவர் தொழில். வாழ்நாளில் நாலைந்து முறை மரம் விற்கும் விவசாயிக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் வியாபாரியின் லாபம் இருக்கிறது.

தெரிந்துகொள்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோப்பில் பருமனும் ஒல்லியுமாகக் கலந்து பத்து மரத்தை வெட்டி எடை போடுங்கள். 150 கிலோ வந்தால் மரத்துக்கு 15 கிலோ. 3,000 மரம் நின்றால் 45 டன். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வியாபாரியின் குரல் இறங்குவதைக் காண்பீர்கள்.

எடைக்கு விற்றால் மட்டும் கொள்ளை நின்றுவிடுமா? நிற்காது. மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு வாரம் லாரி வராது. வெயிலில் மரம் காயும். காய்ந்த ஒவ்வொரு கிலோவும் விவசாயியின் நஷ்டம். பிறகு வியாபாரி சொல்லும் எடை மேடையிலேயே எடை. "கழிவு" என்று டன்னுக்கு 50 கிலோ தள்ளுபடி. 40 டன் விற்றவனுக்கு அதிலேயே இரண்டு டன் காணாமல் போயிற்று! நேரான, பருத்த கழிகள் கட்டிடச் சாரத்துக்குத் தனி விலைக்குப் போகக்கூடியவை. அவற்றையும் காகித ஆலைக் கட்டை விலைக்கே வாங்கி, அப்புறம் தரம் பிரித்து விற்றுக்கொள்கிறார்கள். மிலாறும் வேர்க்கட்டையும் கணக்கிலேயே வருவதில்லை.

இப்போது வெட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். மரம் வெட்டி, கிளை கழித்து, லாரியில் ஏற்றும் அவனுக்கு டன் கணக்கில் கூலி. எடை மேடையில் இரண்டு டன் மறைந்தால் அவன் கூலியிலும் இரண்டு டன் மறைகிறது. விவசாயியைத் திருடுகிற அதே தராசுதான் கூலிக்காரனையும் திருடுகிறது. ஆனால் வியாபாரி என்ன சொல்கிறார்? விவசாயியிடம், "வெட்டுக்கூலி ஏறிப்போச்சு, அதனாலே விலை கொடுக்க முடியலை" என்கிறார். கூலிக்காரனிடம், "தோப்புக்காரன் விலையைப் பிடிச்சு நிறுத்திட்டான், கூலி கொடுக்க முடியலை" என்கிறார். ஒரே நாக்கு, இரண்டு பேச்சு. நாம் இதை நம்பி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் லாரி நிம்மதியாகக் கிளம்பிப் போகும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரை ஏறியது. அன்று இந்த ஜில்லா கண்டதை மறக்க முடியுமா? பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலா கதவுக்கும் நிலைக்கும் ஆகிற மரம். தஞ்சாவூர் வீணை பண்ருட்டிப் பலாவில்தான் செய்யப்படுகிறது. அப்படிப்பட்ட மரம் விறகு விலைக்குப் போயிற்று. காரணம் என்ன? எல்லார் மரமும் ஒரே நாளில் விழுந்தது. நிலத்தைச் சுத்தம் செய்தாலொழிய மறு கன்று வைக்க முடியாது. விற்கிறவன் காத்திருக்க முடியாது, வாங்குகிறவன் காத்திருக்கலாம். புயல் மரத்தைத்தான் சாய்த்தது. விலையைச் சாய்த்தது இந்தச் சந்தை.

கரும்பைப் பாருங்கள். மத்திய சர்க்கார் கரும்புக்கு விலை அறிவிக்கிறது. 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, ஆலை 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்கிறது. சட்டம் இருந்தும் பாக்கிக்காகக் கரும்பு விவசாயி ஆலை வாசலில் நிற்க வேண்டி வந்ததை நாம் அறிவோம். ஆனாலும் கேட்பதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. சவுக்குக்காரனிடம் அதுவும் இல்லை. காகித ஆலை கன்று தருகிறது, ஒப்பந்தம் பேசுகிறது, தானே விலை சொல்கிறது. சர்க்கார் அறிவிக்கும் அடிப்படை விலை கிடையாது. கரும்புக்கு உள்ள நியாயம் கட்டைக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம். 1933-லேயே மதராஸ் ராஜதானியில் வியாபாரப் பயிர்களுக்குச் சந்தைச் சட்டம் வந்தது. நிலக்கடலை விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்துக்கு வருகிறது. சவுக்கு மட்டும் தோப்பு வரப்பில், தரகர் சொன்ன சொல்லுக்கு விலை போக வேண்டுமா?

சுவீடனில் 1938-ல் சிறு வன உடைமையாளர்கள் சேர்ந்து சோட்ரா என்ற கூட்டுறவை அமைத்தார்கள். இன்று சுமார் 50,000 குடும்பங்கள் அதில் இருக்கின்றன. காகிதக்கூழ் ஆலைகளே அதற்குச் சொந்தம். சுவீடன் ஒன்றும் தொழிலாளர் ராஜ்யம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம் கையில் இன்றே இருக்கும் ஆயுதங்களையாவது எடுப்போம். வெட்டி எடுக்க ஒப்புக்கொண்ட மரம் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி சரக்கு. கடன் என்று பேசாதவரை, பணம் முழுதும் கைக்கு வருமுன் சரக்கைத் தன்னிடமே நிறுத்தி வைக்க விற்கிறவனுக்கு அச்சட்டம் உரிமை கொடுக்கிறது. ஆகவே முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு லாரியை விடாதீர்கள். எடை மேடைக்கு வருஷா வருஷம் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத மேடையைப் பற்றித் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். எந்த மேடை என்பதை விற்கிறவன் முடிவு செய்யட்டும். காலி லாரி எடை, பார லாரி எடை இரண்டின் சீட்டும் அவன் கையில் ஒன்று, வெட்டுத் தொழிலாளர் கையில் ஒன்று இருக்கட்டும். பர்மிட் என்று தரகர் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பட்டா நிலத்துச் சவுக்குக்கு வனத்துறைப் பர்மிட் கிடையாது. தேக்கும் சந்தனமும் வேறு கதை.

கடலூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அடுத்த முறை போகிறவர்கள் இந்தச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். தோப்புக்காரர்கள் மட்டும் போனால் போதாது. அரிவாளும் ரம்பமும் பிடிக்கிறவர்களும் கூடவே போக வேண்டும். விலையும் கூலியும் ஒரே மனுவில் எழுதப்பட வேண்டும்.